மாடு வரைய எலும்புக் கணக்கு தெரிய வேண்டுமா? ஃபிரான்ஸ் மார்க்கின் நீலக் குதிரைகளைப் பார்த்த பிறகு ஒரு சந்தேகம்

கேள்வி: கிளுவைவேலி

எல்லோருக்கும் வணக்கம். காங்கேயம் பக்கத்தில் ஒரு கிராமம் என்னுடையது. மாடு, ஆடு, கொஞ்சம் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம், இதுதான் எங்கள் பிழைப்பு. ஓவியம் யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டதில்லை. ராத்திரி வேலையெல்லாம் முடிந்த பிறகு அக்ரிலிக் வண்ணத்தில் வரைவேன். வருவது பெரும்பாலும் விலங்குகள்தான்.

நான் வரைகிற விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் கேள்வி புரியும். பென்சிலில் கோடு போட மாட்டேன். என்ன வரையப் போகிறேன் என்றும் தெரியாது. அன்றைக்கு எந்த நிறம் மனசில் நிற்கிறதோ அதைக் குழைத்து அட்டை முழுக்க இழுப்பேன். காய்வதற்குள் இன்னொரு நிறம். அப்புறம் அட்டையை நிமிர்த்தி, சாய்த்து, தலைகீழாக வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். எங்கேயோ ஒரு வளைவு முதுகாகத் தெரியும். முதுகு தெரிந்துவிட்டால் போதும், திமில் தானே வரும், கழுத்து தானே இறங்கும். சில நாள் மாடு என்று நினைத்தது ஆடாகிவிடும். "இன்றைக்குக் காளை வரைகிறேன்" என்று முடிவு செய்துகொண்டு உட்கார்ந்தால் வருவது உயிரில்லாத காளை.

நிறமும் அப்படித்தான். எங்கள் பக்கத்து மாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கன்று பிறக்கும்போது செவலையாக, அதாவது செம்பட்டையாக இருக்கும், ஆறு மாதத்தில் சாம்பல் நிற மயிலை ஆகிவிடும். அந்த இடைப்பட்ட காலத்தில் கன்று ஒரு நிறத்திலும் நிற்காது. கழுத்தில் சாம்பல் ஏறியிருக்கும், அடிவயிற்றிலும் தொடையின் உள்பக்கத்திலும் செம்பட்டை மிச்சம் இருக்கும். காலையில் ஒரு மாதிரி, வெயில் சாய்ந்தால் இன்னொரு மாதிரி. அந்தக் கன்றை வரைந்தேன். சாம்பலும் செம்பட்டையும் சேரும் இடத்தில் தூரிகை தானாக நீலத்துக்குப் போய்விட்டது. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை, அங்கே நீலம்தான் இருந்தது.

இந்தப் படத்தை ஒரு கண்காட்சியில் வைத்தேன். மூத்த ஓவியர் ஒருவர் ரொம்ப நேரம் நின்று பார்த்துவிட்டு, "நிறம் நன்றாக இருக்கிறதம்மா. முன்னங்கால் மூட்டு இடம் மாறி நிற்கிறது. உடற்கூறு படித்துவிட்டு வரையுங்கள்" என்றார். அவர் போனதும் பக்கத்தில் இருந்த இன்னொருவர், "படிக்காதீங்க, படித்தால் இது போய்விடும்" என்றார். இரண்டு பேச்சும் மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

என் மகன் கைபேசியில் ஃபிரான்ஸ் மார்க் என்ற ஜெர்மன் ஓவியரின் நீலக் குதிரைகளைக் காட்டினான். அதைப் பார்த்ததிலிருந்து கேள்வி இன்னும் பெரிதாகிவிட்டது. அந்த மனுசனுக்கு எலும்புக் கணக்கு தெரியுமா? தெரிந்தும் இப்படி வரைந்தாரா, தெரியாததால் இப்படி வந்ததா? விலங்குகள் வரைகிறவர்கள், அவரைப் பற்றிப் படித்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: கரித்துண்டு

அம்மா, நான் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியன். உங்கள் கேள்விக்கு நேர் பதில்: தெரியும், நன்றாகவே தெரியும். மார்க் கொஞ்ச காலம் வயிறு வளர்த்ததே விலங்கு உடற்கூறு சொல்லிக்கொடுத்துத்தான். 1907 முதல் சில ஆண்டுகள் மியூனிக்கில் அதற்கென்றே வகுப்பு எடுத்தார். பெர்லின் விலங்குக்காட்சிச் சாலையில் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். மாடு, குதிரை, மான், நாய் என்று அந்தக் காலத்துக் குறிப்பேடுகளைப் பார்த்தால், எந்தத் தசை எந்த எலும்பில் பிடித்திருக்கிறது என்று விரல் வைத்துச் சொல்லக்கூடிய கை அது. ஆனால் அந்தக் காலத்துப் படங்களின் நிறம் சாதாரணம்தான், குதிரை பழுப்பு, புல் பச்சை. நீலக் குதிரை அதற்குப் பிறகு, 1911-ல் வருகிறது. இந்த வரிசையைக் கவனியுங்கள்.

மகள் மியூனிக்கில் இருப்பதால் லென்பாக்ஹௌஸ் அருங்காட்சியகத்தில் 'நீலக் குதிரை 1' படத்தின் முன்னால் நிற்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் அதிக உயரம், அவ்வளவுதான். இளம் குதிரை ஒன்று நம்மைப் பார்த்து நிற்கிறது, தலையை மட்டும் ஒருபக்கம் சாய்த்திருக்கிறது. பின்னால் சிவப்பு, மஞ்சள், ஊதா மலைகள். கிட்டே போனால் நீலம் ஒரே நீலமாக இல்லை. மார்பில் வெளுத்துக் கிட்டத்தட்ட வெள்ளையாகிறது. பிடரியிலும் குளம்பிலும் கறுத்துக் கெட்டியாகிறது. நான் வெகுநேரம் பார்த்தது கால்களை. நேர் எதிரே நிற்கும் குதிரையை வரைவது கொடுமையான வேலை, உடம்பு முழுக்க மார்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். மார்க் நாலு காலிலும் பாரத்தைச் சரியாக இறக்கியிருக்கிறார். அந்தப் பாரம் சரியாக இருப்பதால்தான் நீலத்தை நம் கண் ஏற்றுக்கொள்கிறது என்பது என் அபிப்பிராயம். எந்த நிறம் பூசினாலும் அது குதிரைதான் என்று அந்தக் கால்கள் சொல்கின்றன.

அவர் நிறத்துக்கு ஒரு கணக்கும் வைத்திருந்தார். 1910 டிசம்பரில் நண்பர் ஆகஸ்ட் மாக்கேவுக்கு எழுதிய கடிதத்தில், நீலம் ஆண் தன்மை, கடுமையும் ஆன்மிகமும் கொண்டது என்கிறார். மஞ்சள் பெண் தன்மை, மென்மையும் களிப்பும் உள்ளது. சிவப்பு பருப்பொருள், முரட்டுத்தனமும் பாரமும் கொண்டது. இந்தக் கணக்கு எனக்கு முழுசாக ஒப்புதல் இல்லை, ஆணுக்கு ஒரு நிறம் பெண்ணுக்கு ஒரு நிறம் என்று பிரிப்பது அந்தக் காலத்துப் புத்தி. ஆனால் அவர் படம் அந்தக் கணக்கை மீறிப் போய்விடுகிறது. நியூயார்க் கூகன்ஹைம் அருங்காட்சியகத்தில் இருக்கும் 'மஞ்சள் பசு' (1911) படத்தைத் தேடிப் பாருங்கள். பசு துள்ளுகிறது. மேலே நீலத் திட்டுகள். நீங்கள் மாடு வளர்ப்பவர், அடைமழை விட்டதும் அவிழ்த்துவிட்ட மாடு துள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் துள்ளலைப் பார்க்காத மனிதர் அப்படி வரைய முடியாது.

அவரிடம் ருஸ்ஸி என்று ஒரு நாய் இருந்தது. அது பனியில் படுத்திருப்பதை வரைந்த படம் பிராங்க்பர்ட்டில் இருக்கிறது. அதை வரையும்போது முப்பட்டகக் கண்ணாடி ஒன்றை எடுத்து அதன் வழியாகப் பார்த்திருக்கிறார். நிறங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இடத்தில் நாயின் ஓரமெல்லாம் வண்ணக் கீற்று தெரிந்திருக்கிறது. நாயின் மஞ்சளைச் சுத்தமாக்க ஆக்க அந்தக் கீற்று அடங்கியது என்று மாக்கேவுக்கு எழுதுகிறார். இதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மனசு சொன்ன நிறத்தைப் போட்டார், பிறகு கண்ணாடி வைத்துச் சோதித்தும் பார்த்தார். இரண்டும் ஒரே ஆளிடம் சண்டையில்லாமல் இருந்திருக்கின்றன.

அதனால் உங்களுக்குச் சொல்வது: உங்களிடம் உள்ளது ஓடிப்போகாது. மாட்டைக் குளிப்பாட்டுகிற கை உங்களுடையது. விலா எங்கே முடிகிறது, இடுப்பெலும்பு எங்கே துருத்துகிறது என்று அந்தக் கைக்கு ஏற்கெனவே தெரியும். முதுகு தானாக வருகிறது என்கிறீர்களே, அந்தக் கையிலிருந்துதான் வருகிறது. புத்தகத்தில் தொடங்க வேண்டாம். பகலில் கட்டுத்தரையில் உட்கார்ந்து பென்சிலால் ஒரு சின்ன நோட்டில் கால்களை மட்டும் வரையுங்கள், முகம் வேண்டாம். ராத்திரி வண்ணம் எடுக்கும்போது அந்த நோட்டைத் திறக்காதீர்கள். பார்த்துப் பார்த்து வரைகிற வேலையையும், வருவதை விடுகிற வேலையையும் ஒரே உட்காரலில் செய்தால் ஒன்று மற்றதைக் கெடுக்கும்.

பதில் 2: மைக்குப்பி

கரித்துண்டு சாருக்கு வணக்கம். நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். மூட்டு இடம் மாறினால் என்ன? சீன ஓவியர் சி பாய்ஷி (1864–1957) வரைந்த இறால்களைப் பாருங்கள். தச்சு வேலையில் தொடங்கியவர். மேசைமேல் ஒரு கிண்ணத்தில் உயிருள்ள இறால்களை விட்டு, அவை நீந்துவதையும் துள்ளுவதையும் வருடக் கணக்காகப் பார்த்தார். வயது ஏற ஏற இறாலின் கால்களைக் குறைத்துக்கொண்டே வந்தார். கடைசிக் காலத்து இறாலுக்கு உண்மையான இறாலைவிடக் கால் குறைவு. ஆனால் தண்ணீர் என்று ஒரு கோடுகூடப் போடாமலே தண்ணீர் தெரிகிறது. தாளில் மை பரவும்போதே அந்த உடம்பின் கண்ணாடித் தன்மை வந்துவிடுகிறது.

எழுபதை எட்டிய பிறகுதான் அவர் கை அந்த இடத்துக்கு வந்தது. ஆகவே அக்கா, மூட்டைச் சரிசெய்ய அவசரப்பட வேண்டாம். இன்னும் நிறைய கன்றுகளை வரையுங்கள். எது வேண்டும் எது வேண்டாம் என்று கன்றுகளே சொல்லும்.

பதில் 3: கரித்துண்டு

மைக்குப்பி தம்பி, நல்ல உதாரணம். ஆனால் அது என் பக்கம்தான் பேசுகிறது. எத்தனை கால் என்று தெரிந்தவர்தான் எந்தக் காலை எடுக்கலாம் என்று முடிவு செய்ய முடியும். கிண்ணத்தில் இறால் விட்டுப் பார்த்ததும் படிப்புதானே.

பதில் 4: மாட்டுவைத்தியர்

நான் ஓவியர் இல்லை, கால்நடை மருத்துவர். அம்மாவின் கேள்வியில் மூட்டு என்று வந்ததால் எழுதுகிறேன்.

மாட்டின் முன்னங்காலில் நாம் முட்டி என்று சொல்லும் இடம் உடற்கூறுப்படி மணிக்கட்டு. பின்னங்காலில் பின்பக்கமாக மடிகிற மூட்டு குதிகால். உண்மையான முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. மாடு விரல் நுனியில் நிற்கிறது என்று மனசில் வைத்துக்கொண்டால் கால் தானாகச் சரியாகிவிடும்.

இன்னொன்று. நமக்குத் தோளையும் நெஞ்சையும் இணைக்கிற காறை எலும்பு மாட்டுக்குக் கிடையாது. முன்னங்கால்கள் எலும்பால் உடம்போடு இணைக்கப்படவில்லை, தசைகள்தான் நெஞ்சுக்கூட்டை இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே தாங்கிப் பிடித்திருக்கின்றன. மாடு நடந்து வரும்போது எதிரே நின்று பாருங்கள், ஒரு தோள் ஏறும்போது மற்றது இறங்கும், நடுவில் உடம்பு தொங்கி ஆடும். நான் பார்த்த பெரும்பாலான மாட்டுப் படங்களில் இது இல்லை, காலை மேசைக்கு அடித்த மாதிரி வரைந்திருப்பார்கள். அப்புறம், மாடு எழும்போது முன்னங்கால் மண்டியில் ஊன்றிப் பின்பக்கத்தை முதலில் தூக்கும். குதிரை முன்னங்கால்களை நீட்டி முன்பக்கத்தை முதலில் தூக்கும். இதை மாற்றி வரைந்தால் மாடு வளர்க்கிற யாரும் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

நிறத்தைப் பற்றியும் ஒரு விஷயம். கரித்துண்டு ஐயா மார்க்கின் நீலம், மஞ்சள், சிவப்புக் கணக்கைச் சொன்னார். நம் கண்ணில் நிறம் உணரும் கூம்புச் செல்கள் மூன்று வகை. மாட்டுக்கும் குதிரைக்கும் இரண்டே வகை. நீலமும் மஞ்சளும் அவற்றுக்கு நன்றாகப் பிரிந்து தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கடினம். மஞ்சுவிரட்டில் சிவப்புத் துணிக்குக் காளை மிரளும் என்பார்கள், அது மிரளுவது துணியின் அசைவுக்கு. ஒரு குதிரை தன் பார்வையில் உலகத்தை எப்படிப் பார்க்கும் என்று மார்க் யோசித்து எழுதியிருக்கிறார் என்று எங்கோ படித்தேன். கண்ணைப் பற்றிய இந்த அளவீடுகள் எல்லாம் பிற்காலத்தவை. நீலத்தையும் மஞ்சளையும் அவர் பிடித்துக்கொண்டது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

பதில் 5: மண்குதிரை

எங்கள் குடும்பம் புதுக்கோட்டைப் பக்கம் அய்யனார் கோயிலுக்குக் குதிரை செய்கிற குடும்பம். எங்கள் தாத்தா உண்மையான குதிரையை அருகில் பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம். களிமண்ணில் மணலும் உமியும் பிசைந்து முதலில் நாலு காலை உருளையாக நிறுத்துவார்கள். அது கொஞ்சம் இறுகியதும் அதன்மேல் வயிற்றைக் கட்டி, கழுத்து, தலை என்று ஏற்றிக்கொண்டு போவார்கள். பாரம் தாங்குகிற காலாக இருக்க வேண்டும் என்பது ஒன்றே கணக்கு. சூளையில் விரிசல் விடாமல் வெளியே வரவேண்டுமே. அதனால் காலில் மூட்டே இருக்காது, தூண்தான். ஆனால் ராத்திரியில் அந்தக் கோயில் பக்கம் போக எங்கள் ஊரில் பெரியவர்களுக்கே பயம்.

கண்ணைக் கடைசியில்தான் திறப்போம். அக்கா, உங்கள் படத்தில் கண் எப்போது வருகிறது?

பதில் 6: கிளுவைவேலி

இத்தனை பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எல்லோருக்கும் நன்றிங்க.

டாக்டர் சொன்னதை இன்று காலையிலேயே பார்த்தேன். எங்கள் மயிலைப் பசு மேய்ச்சலிலிருந்து நேராக என்னைப் பார்த்து நடந்து வந்தது. இத்தனை வருஷமாகப் பார்த்த மாடு, தோள் ஏறி இறங்குவது இன்றைக்குத்தான் தனியாகத் தெரிந்தது. இடது தோள் மேலே வரும்போது தாடை கொஞ்சம் வலப்பக்கம் போகிறது, கழுத்துக்குக் கீழே தொங்கும் அலைதாடி அதற்கு எதிர்ப்பக்கம் ஆடுகிறது. நோட்டை எடுத்துவர உள்ளே போனேன், அதற்குள் அது தண்ணீர்த் தொட்டிக்குப் போய்விட்டது. அதனால் நினைவிலிருந்து தோளை மட்டும் போட்டேன். போட்டது பிடித்திருக்கிறது.

மண்குதிரை தம்பி, எனக்குக் கண் பெரும்பாலும் வருவதே இல்லை. முதுகு, கழுத்து, கொம்பு வந்துவிடும், கண் இருக்க வேண்டிய இடத்தில் நிழல்தான் இருக்கும். கண்ணை வைத்தால் அது யாரையோ பார்க்க ஆரம்பித்துவிடுகிறது, வைக்காவிட்டால் தன் பாட்டுக்கு இருக்கிறது. மாடு பெரும்பாலும் தன் பாட்டுக்குத்தான் இருக்கும்.

கரித்துண்டு ஐயாவிடம் இன்னொன்று கேட்க வேண்டும். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தை கூடும். எங்கெங்கிருந்தோ காளைகள் வரும், ஒரே இடத்தில் காரி, மயிலை, பிள்ளை, செவலை என்று எல்லா நிற மாட்டையும் பார்க்கலாம். போய் உட்கார்ந்து வரைய ஆசை. ஆனால் ஒரு பெண் நோட்டோடு உட்கார்ந்தால் மாட்டைவிட்டு என்னைச் சுற்றிக் கூட்டம் கூடும். தரகர்கள் வேறு ஏதாவது சொல்வார்கள். என்ன செய்யலாம்?

பதில் 7: கரித்துண்டு

அம்மா, கண் பற்றி நீங்கள் எழுதியதை நான் மறுபடி மறுபடி படித்தேன். மின்னியாபோலிஸ் வாக்கர் கலை மையத்தில் மார்க்கின் 'பெரிய நீலக் குதிரைகள்' (1911) இருக்கிறது. மூன்று குதிரைகள் தலை குனிந்து, முதுகும் பின்னாலுள்ள சிவப்பு மலைகளும் ஒரே வளைவில் போகும். அதில் கண்கள் தாழ்ந்தே இருக்கின்றன, நம்மைப் பார்க்கவே இல்லை. பனியில் படுத்த ருஸ்ஸியும் கண்ணை மூடித்தான் தூங்குகிறது. நீங்கள் வந்து சேர்ந்த இடம் அவரும் வந்து சேர்ந்த இடம். அதை விட்டுவிடாதீர்கள்.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். மார்க்குக்கு விலங்குகள் மேல் இருந்த நம்பிக்கை அப்படியே நிற்கவில்லை. 1913-ல் 'விலங்குகளின் விதி' வரைந்தார். காடு எரிகிறது, மரங்கள் சாய்கின்றன, நடுவில் ஒரு நீல மான் கழுத்தை மேலே தூக்கி நிற்கிறது. அடுத்த வருஷம் முதல் உலகப் போர் வந்தது, பட்டாளத்துக்குப் போனார். 1915-ல் போர்முனையிலிருந்து மனைவிக்கு எழுதிய கடிதத்தில், மனிதர்கள் அசிங்கமாகப் பட்டதால் விலங்குகளிடம் போனேன், பிறகு விலங்குகளிடமும் அழகில்லாதது தெரிய ஆரம்பித்தது, அதனால் என் படங்கள் உருவத்தைவிட்டு விலகின என்ற பொருளில் எழுதுகிறார். 1916 மார்ச் 4 அன்று வெர்டன் அருகே குண்டுச் சிதறல் பட்டு இறந்தார். வயது 36. அந்த 'விலங்குகளின் விதி' படத்தின் வலப்பக்கம் அதே 1916-ல் ஒரு தீ விபத்தில் எரிந்தது. நண்பர் பால் க்ளே பிறகு அதைச் சரிசெய்தார், ஆனால் எரிந்த இடத்தில் மார்க்கின் நிறங்களைப் போலவே பூசாமல் மங்கிய பழுப்பில் விட்டுவிட்டார். பாசெலில் இருக்கும் அந்தப் படத்தில் மார்க் எங்கே முடிகிறார், க்ளே எங்கே தொடங்குகிறார் என்று இன்றைக்கும் பார்க்கலாம். ஓவியன் ஓவியனுக்குச் செய்த மரியாதைகளில் இதைவிடப் பெரியதை நான் பார்த்ததில்லை.

சந்தைக்கு வருகிறேன். பிரெஞ்சு ஓவியர் ரோசா பொன்ஹர் (1822–1899) உங்கள் கேள்வியை அப்படியே சந்தித்தவர். பாரிஸ் குதிரைச் சந்தைக்கு ஒன்றரை வருஷம், வாரம் இரண்டு முறை போய் வரைந்தார். பெண் என்று தெரிந்தால் தொந்தரவு வரும் என்பதால் ஆண் உடையில் போனார். அந்தக் காலத்து பாரிஸில் பெண் கால்சட்டை போடக் காவல்துறை அனுமதி வேண்டும், அதையும் வாங்கிக்கொண்டார். அப்படிப் பிறந்த 'குதிரைச் சந்தை' ஐந்து மீட்டர் அகலப் படம், இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டனில் இருக்கிறது. நீங்கள் வேஷம் மாற்ற வேண்டியதில்லை. வீட்டு ஆள் ஒருவரையும் உங்கள் மாடு ஒன்றையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாட்டோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணைச் சந்தையில் யாரும் வேடிக்கை பார்க்க மாட்டார்கள். உள்ளங்கை அளவு நோட்டு போதும். மார்க்கும் சின்னதில் வரைந்தவர்தான். இரண்டு மீட்டர் உயரத்தில் 'நீலக் குதிரைகளின் கோபுரம்' என்று ஒரு படம் வரைந்தார், அது இரண்டாம் உலகப் போரோடு காணாமல் போய்விட்டது. ஆனால் அதே குதிரைகளை முதலில் ஒரு தபால் அட்டையில் வரைந்து, கவிஞர் எல்ஸே லாஸ்கர்-ஷூலருக்கு 1913 புத்தாண்டு வாழ்த்தாக அனுப்பியிருந்தார். அந்த அட்டை பத்திரமாக இருக்கிறது.

பதில் 8: மாட்டுவைத்தியர்

கண்ணபுரத்துக்கு முதல் நாளே போய்விடுங்கள் அம்மா. வியாபாரம் சூடுபிடித்த பிறகு காளைகளை இழுத்து ஓட்டிக் காட்டிக்கொண்டே இருப்பார்கள், நின்று பார்க்க முடியாது. முதல் நாள் சாயங்காலம் நடந்து வந்த களைப்பில் எல்லாம் படுத்து அசைபோடும். விடியற்காலை ஒவ்வொன்றாக எழும், பின்பக்கம் முதலில். தீவனக்காரர்கள் இருக்கும் வரிசையில் நிழல் உண்டு, தண்ணீர்த் தொட்டியும் பக்கத்தில் இருக்கும், அங்கே உட்காருங்கள். கூர்க்கொம்புக் காளைக்கு நேர் பின்னாலும், கட்டுக்கயிறு எட்டும் தூரத்திலும் மட்டும் வேண்டாம். தோள்பட்டையை வரைந்த அந்தப் பக்கத்தைப் புகைப்படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.